பேப்பர் பிளேன் காக்டெய்ல்: நான்கும் சம அளவு, பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் வேறு ருசி? (பலரின் அனுபவப் பகிர்வு)

போர்பன் (அமெரிக்க விஸ்கி), அபெரோல் (ஆரஞ்சு வாசனையுள்ள இத்தாலிய மது), அமாரோ நொனினோ (அமாரோ என்பது கசப்பும் இனிப்பும் கலந்த இத்தாலிய மூலிகை மது), எலுமிச்சைச் சாறு. ஒவ்வொன்றும் 30 மில்லி. ஐஸ் போட்டுக் குலுக்கி, குளிரவைத்த கூப் கிளாஸில் (தண்டுள்ள, அகன்ற வாய்க் கிளாஸ்) வடிகட்ட வேண்டும். அலங்காரம் எதுவும் தேவையில்லை. குறிப்பு இவ்வளவுதான். ஆனாலும் இதை வைத்துச் செய்ததில் ஒரு கிளாஸ் பல்லைக் கூசவைக்கும், அடுத்தது இருமல் மருந்து போல இனிக்கும்.

பெரும்பாலும் கோளாறு எலுமிச்சையில்தான். மற்ற மூன்றும் பாட்டிலில் வருபவை, என்றும் ஒரே மாதிரி இருக்கும். சாறு மட்டும்தான் பழத்துக்குப் பழம் மாறும். அதுவும் மஞ்சள் நிறப் பெரிய லெமன் வேண்டும். சின்னப் பச்சை லைம் போட்டால் புளிப்பு கூர்மையாகி, அமாரோவின் மூலிகை வாசனையை அமுக்கிவிடும். சாற்றைச் செய்யும் அன்றே பிழியுங்கள். முதல் நாள் சாற்றில் ஒரு மந்தமான கசப்பு ஏறியிருக்கும். அது இந்த பானத்துக்குரிய கசப்பு அல்ல.

ஜிக்கர் (மது அளக்கும் சிறு குவளை) இல்லாமல் கண்ணளவில் ஊற்ற வேண்டாம். 30 மில்லியில் 5 மில்லி சாறு கூடினாலே சமநிலை போய்விடும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழத்தை அழுத்தானில் வைத்துத் தோல் நசுங்கும் வரை பிழியாதீர்கள். தோலின் எண்ணெய் சாற்றில் இறங்கினால் நாக்கின் பின்பக்கம் கசப்பு தங்கும். சாறு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

போர்பன் தேர்வும் முக்கியம். 40 சதவீத ஆல்கஹால் உள்ள போர்பன் இதில் காணாமல் போய்விடும், ஆரஞ்சும் இனிப்பும் மட்டுமே தெரியும். 45 முதல் 50 சதவீதம் வரை உள்ளதாக, ரை (rye) தானியம் சற்றே கூடுதலாக உள்ளதாக எடுங்கள். அந்தக் காரம்தான் இனிப்பைத் தாங்கி நிற்கும். கோதுமை சேர்த்த மென்மையான போர்பன் தனியாகக் குடிக்க அருமை, இங்கே அதற்குக் குரல் எழாது.

* * *

நொனினோ கிடைக்காதவர்கள் வேறு அமாரோ போட்டுவிட்டு, குறிப்பைக் குறை சொல்கிறார்கள். நொனினோ தயாராவது திராட்சையிலிருந்து வடித்த மதுவை அடிப்படையாக வைத்து. 35 சதவீதம் ஆல்கஹால், இனிப்பு மிதம். அபெரோல் வெறும் 11 சதவீதம்தான் என்பதால், போர்பனோடு சேர்ந்து பானத்துக்குத் திடம் கொடுப்பதே நொனினோதான். மொன்டெனேக்ரோ என்ற அமாரோ 23 சதவீதம், இனிப்பும் அதிகம். அதைப் போட்டால் 25 மில்லியாகக் குறைத்து, போர்பனை 35 ஆக்குங்கள். அவெர்னா 29 சதவீதம். கருமையானது, கேரமல் சாயல் தூக்கலாக இருக்கும். பானம் குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் நிறமும் குணமும் வேறு. அதைப் பேப்பர் பிளேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

* * *

அபெரோலுக்குப் பதில் கம்பாரி (அதைவிடக் கசப்பான இத்தாலிய மது) போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலிய பார்டெண்டர் சாம் ராஸ், சிகாகோவின் தி வயலட் அவர் பாருக்காக இதை உருவாக்கியபோது முதலில் கம்பாரியைத்தான் வைத்திருந்தார். பிறகுதான் அபெரோலுக்கு மாறினார். கம்பாரி முழு 30 மில்லி போட்டால் கசப்பு முன்னே வந்து அமாரோவை மறைக்கும். கசப்பு கூடுதலாக வேண்டுமென்றால் அபெரோல் 20, கம்பாரி 10. அந்த விகிதம் நன்றாக நிற்கிறது.

* * *

குலுக்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃப்ரீஸரிலிருந்து அப்போதே எடுத்த பெரிய, காய்ந்த ஐஸ் கட்டிகள் வேண்டும். வெளியே வைத்து நனைந்துபோன ஐஸ் குலுக்கும் முன்பே தண்ணீர் விட்டிருக்கும், பானம் நீர்த்து வரும். ஷேக்கரை முக்கால் அளவு ஐஸால் நிரப்பி, 12 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூத்தால் சரி. சோம்பலாக 5 விநாடி ஆட்டினால் குளிர்ச்சியும் வராது, தேவையான தண்ணீரும் சேராது. அப்போதுதான் "புளிப்பு தூக்கல்" என்று தோன்றும். புளிப்பும் இனிப்பும் விரிந்து அமைய அந்தத் தண்ணீர் வேண்டும்.

ஷேக்கரின் வடிகட்டியோடு சிறு கண்ணுள்ள சல்லடை ஒன்றையும் பிடித்து ஊற்றுங்கள். ஐஸ் துகள் விழுந்தால் கிளாஸில் உருகிக் கடைசி மிடறுகள் தண்ணீராகிவிடும்.

* * *

செய்து முடித்த பிறகு திருத்துவதற்கு: புளிப்பு மிஞ்சினால் சர்க்கரைப் பாகு ஒரு சிறு கரண்டி, சுமார் 5 மில்லி. அபெரோலைக் கூட்டாதீர்கள், ஆரஞ்சு தூக்கிவிடும். கசப்பு உறுத்தினால் ஒரு பங்கு உப்பை நான்கு பங்கு தண்ணீரில் கரைத்து அதில் இரண்டு சொட்டு. உப்பு தெரியாது, கசப்பு அடங்கும்.

30 மில்லிக் கணக்கில், ஐஸ் உருகிய தண்ணீர் சேரும் முன்பே பானம் 120 மில்லி. சிறிய கூப்பில் தளும்பும், மெதுவாகக் குடித்தால் பாதியில் சூடேறிவிடும். நான்கையும் 22.5 மில்லியாகச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆல்கஹாலும் கால் பங்கு குறையும்.

* * *

நாலைந்து பேருக்கு என்றால் மூன்று மதுவையும் சம அளவில் முன்கூட்டியே ஒரு பாட்டிலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், கெடாது. எலுமிச்சையை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பரிமாறும்போது கலவை 67.5 மில்லி, அப்போது பிழிந்த சாறு 22.5 மில்லி. ஒரு ஷேக்கரில் இரண்டு கிளாஸுக்கு மேல் போட வேண்டாம், ஐஸுக்கு இடமிருக்காது. கலவை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் ஐஸ் மெதுவாகவே உருகும். அதனால் 12 விநாடிக்குப் பதில் 15 குலுக்குங்கள்.