மறு: பழுதான டிஸ்கை முழுசாக எடுத்து வைப்பதற்கு என்ன சொல்? ("வட்டுப்படி": என் பரிந்துரை)

குழுவினருக்கு வணக்கம்.

பழுதான டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பதற்கான நம் கையேடு, "ஃபார்மட் செய்வதற்கு முன் டிரைவை இமேஜ் எடுக்கவும்" என்ற ஒரே வரியில் நின்றுபோயிருக்கிறது. டிரைவில் இருப்பதை முழுசாக அப்படியே எடுத்து வைக்கிற இந்த "இமேஜ் எடுப்பது" என்பதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளுக்கு முதலில் என் பதில்.

> மயிலாடுதுறை ஐயா: இமேஜ் என்றால் பிம்பம். "பிம்பம் எடுத்தல்" என்றே வைத்துவிடலாமே.

ஐயா, கும்பகோணத்தில் எங்கள் கடைக்குச் செத்த டிரைவோடு வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்டுடியோக்காரர்கள். "முதலில் இதைப் பிம்பம் எடுக்கணும்" என்று சொன்னால் டிரைவைப் போட்டோ பிடிக்கப் போகிறேன் என்றுதான் நினைப்பார்கள். படம், உருவம், பிம்பம் எல்லாமே அவர்கள் தொழிலில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள். இன்னொரு பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

> திருவாரூர் தம்பி: நகல் போதாதா அண்ணே? எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்லாக இருப்பதுதான் தம்பி சிக்கல். நகலெடு என்றதும் கை தானாகக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டப் போகும். இங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. டிரைவைத் திறந்தால் "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று பெட்டி வரும். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் கோப்பு முறைமை "ரா" (அடையாளம் தெரியவில்லை என்று பொருள்), பயன்படுத்திய இடம் 0 பைட். கோப்புகள் பெரும்பாலும் அடியில் அப்படியே கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் போயிருக்கும். நாம் பெயர் தேடுகிற வேலை, அட்டவணையைச் சட்டை செய்யாமல் முதல் செக்டாரிலிருந்து (டிஸ்கின் மிகச்சிறு சேமிப்புக் கட்டம்) கடைசி செக்டார் வரை, காலி இடம் உட்பட, இருக்கிறபடியே எடுத்து வைப்பது. 500 ஜிபி டிஸ்கில் 40 ஜிபிக்குத்தான் கோப்பு இருந்தாலும் எடுத்து வைக்க 500 ஜிபி இடம் வேண்டும். "நகல்" என்று எழுதினால் இந்த ஒரு கணக்கிலேயே ஆள் ஏமாந்துபோவார்.

என் பரிந்துரை: படியெடுத்தல். எடுத்து வைத்த பொருள் வட்டுப்படி. பழுதான டிஸ்க் மூலம்.

மூன்றும் சுவடிக்காரர்களின் சொற்கள்தான். தஞ்சாவூர் சரசுவதி மகால் சுவடி நூலகம் இருக்கிற மண்ணில் இதை விளக்கத் தேவையில்லை. உத்தமதானபுரத்தில் பிறந்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சா. காலத்துச் சுவடி வேலையை நினைத்துப் பாருங்கள். தொட்டால் ஓலை ஒடியும். ஆகவே ஆராய்ச்சிக்கு முன் படி எடுத்துவிடுவார்கள். செல்லரித்த இடத்தில் தாமாக எதையும் இட்டு நிரப்பாமல் புள்ளி வைத்துவிட்டு மேலே போவார்கள். அப்புறம் பாட பேதம், உரை எல்லாம் படியை வைத்துத்தான்.

பழுதான டிஸ்கைப் படியெடுக்கிற டிடிரெஸ்க்யூ என்ற நிரல் செய்வதும் ஏறக்குறைய இதேதான். சுலபமாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து ஓரத்திலிருந்து சுரண்டிப் பார்க்கும். எந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனியாக ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வரும்: கிடைத்ததற்குக் கூட்டல் குறி, படிக்கவே முடியாத செக்டாருக்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. இந்தக் குறிப்புக் கோப்பு மட்டும் இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு "படிக்குறிப்பு" என்றே பெயர் வைக்கலாம்.

"படி" என்றால் மாடிப்படி, நெல் அளக்கிற படி, பயணப்படி என்று ஏற்கெனவே நெரிசல் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் தனியாக விடாமல் வட்டுப்படி என்று சேர்த்தேன். பென் டிரைவ் வட்டா என்று யாராவது கேட்பார்கள். எஸ்எஸ்டியிலும்தான் வட்டு கிடையாது, அதையும் டிஸ்க் என்றுதானே சொல்கிறோம்? விட்டுவிடலாம்.

சொல்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கையேட்டில் இப்போது எல்லா வேலைக்கும் "மீட்பு" என்று எழுதியிருக்கிறோம். அட்டவணையைச் சரிசெய்வதும் மீட்பு, கோப்பை வெளியே எடுப்பதும் மீட்பு, விண்டோஸில் டிஸ்க் பிழை பார்க்கிற செக்டிஸ்க் ஓட்டுவதும் மீட்பு. படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலை டிஸ்கில் எதையாவது எழுதுமா, எழுதாதா? செக்டிஸ்கைப் பழுதுபார்க்கச் சொல்லி ஓட்டினால் எழுதும். தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) கண்டுபிடிக்கிற டெஸ்ட்டிஸ்க் நிரல் தேடும்போது எழுதாது, பார்ட்டிஷன் அட்டவணையைத் திருத்தச் சொன்னால் எழுதும். கோப்புகளைப் பொறுக்கியெடுக்கிற ஃபோட்டோரெக் நிரல் மூலத்தில் கை வைக்காது. எழுதுகிற வேலைகளுக்கெல்லாம் "சீராக்கல்" என்று வைத்து, அதை வட்டுப்படியின் மேல்தான் செய்ய வேண்டும் என்று அங்கேயே எழுதிவிடுவோம். "மீட்பு" எழுதாத வேலைகளுக்கு மட்டும் இருக்கட்டும்.

அட்டவணையே தேறாத நிலையில் கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துப் பொறுக்கியெடுக்கிறோமே, அதற்கு மயிலாடுதுறை ஐயா சொன்ன "அரித்தெடுத்தல்" எனக்கு முழுச் சம்மதம். "அரிப்பு" என்று மட்டும் சுருக்காதீர்கள், சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். இதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கையேட்டில் விளக்கமாக எழுத வேண்டும். ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்களில் தொடங்கும். ஃபோட்டோரெக் அதைப் பார்த்துத்தான் படத்தைத் தூக்குகிறது. கோப்புப் பெயரும் ஃபோல்டரும் போனது போனதுதான். புதுப் பெயர் எஃப் என்ற எழுத்தோடு ஏதோ நீள எண்ணாக வரும். பாபநாசம் ஸ்டுடியோ ஒன்றின் டிரைவை அரித்தபோது முகூர்த்தமும் வளைகாப்பும் காதுகுத்தும் ஒரே குவியலாக வந்தன. சில படங்களில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி வரை சுத்தமாக இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கோப்பு துண்டு துண்டாகப் பல இடங்களில் இருந்தால் இப்படித்தான் ஆகும். கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்த தேதியை வைத்துத்தான் குவியலைப் பிரித்தோம்.

> நாகப்பட்டினம் அக்கா: தண்ணீர் ஏறிய டிஸ்கையும் இதே முறையில் எடுக்கலாமா?

கூடாது அக்கா. 2018 கஜா மாதிரி புயலில் நனைந்த ஹார்ட் டிஸ்கை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒருமுறை கரண்ட் கொடுத்தாலே மிச்சமும் போய்விடலாம். டிக் டிக் என்று சத்தம் போடுகிற டிஸ்கும் அப்படியே. இரண்டையும் தனியாகக் கட்டம் கட்டி, "மின்சாரம் கொடுக்காதீர்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்" என்று போடுவோம்.

ஃபார்மட்டுக்கு ஃபார்மட்டே இருக்கட்டும். ஆனால் இரண்டு வகையையும் பிரித்து எழுத வேண்டும். விரைவு ஃபார்மட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும். முழு ஃபார்மட் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு அரித்தாலும் ஒன்றும் வராது. எஸ்எஸ்டியில் ட்ரிம் (பயன்படாத இடத்தைத் துடைக்கலாம் என்று சொல்லும் கட்டளை) இருப்பதால் விரைவு ஃபார்மட்டுக்கே அந்தக் கதி வரலாம்.

ஆக, மூன்றாம் பக்க வரி இப்படி இருக்கலாம்:

"ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். மூலத்தைவிடப் பெரிய வேறொரு டிஸ்கில் வட்டுப்படி எடுக்கவும். சீராக்கலையும் அரித்தெடுத்தலையும் படியின் மேல் மட்டும் செய்யவும். கிடைத்த கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே மூலத்தை ஃபார்மட் செய்யவும்."

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். "மவுண்ட்" பற்றித் தம்பி கேட்டதற்குத் தனி மடல் போடுகிறேன், அதையும் இதையும் ஒரே இழையில் போட்டுக் குழப்ப வேண்டாம்.