பூங்காவில் சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் சாய்தளம் கட்டி, திறப்பு விழாவும் நடத்தியாச்சு. ஆனால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் அக்காவின் சக்கர நாற்காலி ஏறுகிறது. ஏறியதும் பைக் நுழையாமலிருக்க நட்ட இரும்புக் கம்பிகள்! எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?

பதில் 1: சரிவை அளந்து பாருங்கள். 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். கம்பிகளுக்கிடையே 90 செ.மீ. விடச் சொல்லுங்கள். பைக்கும் நுழையும்தான், அதற்கு வேறு வழி பார்க்கட்டும்.

பதில் 2: நானும் சக்கர நாற்காலிதான். பாதையில் அழகுக்கென்று ஜல்லி கொட்டுவார்கள் பாருங்கள், முன்சக்கரம் அப்படியே புதைந்துவிடும். கெட்டியான தரை போதும். அப்புறம், பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் கேளுங்கள். அக்காவும் நாலு பேரோடு உட்கார்ந்து பேச வேண்டாமா?

கேள்வி கேட்டவர்: டேப் வைத்து அளந்தேன். 2 அடி உயரம், நீளம் 9 அடிதான். படத்தோடு செயலாளருக்கு அனுப்பிவிட்டேன்.