உரசிப்போன வீல் கப்புகளுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

வெள்ளை_ஹேட்ச்பேக்:
வணக்கம். எங்கள் காரின் 14 அங்குல பிளாஸ்டிக் வீல் கப்புகள் நான்கும் நடைபாதைக் கல்லில் உரசி, ஓரங்களில் வெள்ளிப் பூச்சு போய், உள்ளிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. உடைசல் இல்லை, பின்புறக் கொக்கிகளும் நன்றாகவே உள்ளன. முன்பு ஒரு பட்டறையில் பெயிண்ட் அடித்து வாங்கினோம். ஒரே மழைக்காலத்தில் பாம்புச் சட்டை போல உரிந்துவிட்டது. ஸ்பிரே டப்பா வாங்கி வீட்டிலேயே அடிக்கலாமா? எந்தப் பெயிண்ட் நிலைக்கும்?

கிரீஸ்_கை:
பெயிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஒரு கப்பைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் வகை சிறிய எழுத்துகளில் அச்சோடு வார்க்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் நன்றாகத் தேய்த்து பிளாஸ்டிக் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்தாலே போதும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன் என்றிருந்தால், அதன்மேல் எதுவுமே எளிதில் ஒட்டாது என்பதால், பிரைமருக்கு முன் அட்ஹீஷன் புரமோட்டர் என்ற, பூச்சை ஒட்டவைக்கும் திரவத்தை மெல்லிதாக அடித்தாக வேண்டும். பட்டறையில் அதை அடிக்காமல் விட்டிருக்கலாம். அல்லது டயர் பாலிஷின் சிலிக்கோன் பிசுக்கு போகாமலேயே அடித்திருக்கலாம்.

பாத்திரம் துலக்கும் திரவத்தால் பிரஷ் போட்டுக் கழுவி, உரிகின்ற பழைய பூச்சை முழுவதுமாக எடுத்துவிட்டு, 320 எண் வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) உரசல் கோடுகளைச் சமப்படுத்திய பின், 600-ஆல் பளபளப்பு சாகும்வரை தேய்க்க வேண்டும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தின்னரைத் தொடாதீர்கள், அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மொட்டைமாடி_மெக்கானிக்:
மேலே சொன்னது சரி. முன்வேலைக்கு முக்கால் நாள் போகும், அடிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்புறக் கம்பி வளையத்தைக் கழற்றிவிட்டு, கொக்கிகளின்மேல் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால் கப் சக்கரத்தில் சரியாக உட்காராது. டப்பாவை ஏறக்குறைய 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கப்பின் விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு கையை நகர்த்தினால் வழியாது. ஒரே தடவையில் மூட முயலாமல், 10 முதல் 15 நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். அதன்மேல் கிளியர், அதாவது நிறமற்ற மேல்பூச்சு, கட்டாயம். இல்லையென்றால் வெள்ளி நிறம் விரைவில் மங்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் கிளியர் பால்போல வெளுத்துவிடும்.

செலவைப் பார்த்தால் மலிவான புதிய செட்டே வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். காரோடு வந்த கப்பின் இறுக்கம் அவற்றுக்குப் பெரும்பாலும் வருவதில்லை என்பதால், நான் பழையதையே காப்பாற்றுவேன்.

வெள்ளை_ஹேட்ச்பேக்:
இருவருக்கும் நன்றி. பின்புறத்தில் பிபி என்றே இருக்கிறது. நடுவிலுள்ள சின்னத்தை எப்படி மறைப்பது?

கிரீஸ்_கை:
அது தனித் துண்டாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி எடுத்துவிடுங்கள். வராவிட்டால் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, விளிம்போடு பிளேடால் வெட்டுங்கள். கடைசிப் பூச்சு முழுதாகக் காயும் முன்பே டேப்பைச் சாய்வாக உரித்தால் ஓரம் பெயராது. ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது வால்வுக்கான வெட்டு வால்வுக்கு நேராக இருக்கட்டும். முதல் வாரம் பிரஷர் வாஷ் வேண்டாம்.