வேர்டுல ரெக்கார்ட் பண்ண மேக்ரோ தமிழை எல்லாம் ????? ஆக்குது, கூடவே 5941 எரர்

ஒற்றுப்பிழை:
வணக்கம். பதிப்பகத்துக்கு ப்ரூஃப் பார்க்கிறேன். முயற்ச்சி, சுயேட்சை, பதட்டம்னு அதே பிழைங்கதான் எல்லா கட்டுரையிலயும் வருது, அதனால ஃபைண்ட் ரீப்ளேஸை ஒரு மேக்ரோவா (செஞ்ச வேலையைப் பதிஞ்சு வச்சு திரும்பத் திரும்ப ஓட்டுற வசதி) ரெக்கார்ட் பண்ணேன், கடைசில நான் செஞ்சு வச்சிருக்கிற 'உள்தலைப்பு' ஸ்டைலையும் முதல் பாராவுக்குப் போட்டு ஸ்டாப் கொடுத்தேன். ரெக்கார்ட் பண்றப்ப எல்லாம் ஒழுங்கா மாறிச்சு. அடுத்த ஃபைல்ல ஓட்டினா பக்கம் பக்கமா கேள்விக்குறி, அப்புறம் ரன்டைம் எரர் 5941, டீபக் அமுக்கினா ஸ்டைல் வரி மஞ்சளா நிக்குது. கன்ட்ரோல் இசட் அடிச்சு ஃபைலை மீட்டுட்டேன். யூனிகோட்லதான் டைப் பண்றேன். ஆபீஸை எடுத்துட்டு மறுபடி போடணுமா?

கணினிக்கிறுக்கன்:
வேண்டாங்க, ஆபீஸ் மேலயும் ஃபான்ட் மேலயும் தப்பு இல்ல. ஆல்ட் எஃப்11 அடிச்சு அந்தக் கோடைத் திறந்து பாருங்க, நீங்க கொடுத்த தமிழ் வார்த்தை இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் வெறும் ????? தான் இருக்கும். வேர்டு யூனிகோட்ல ஓடுது, ஆனா மேக்ரோ கோடு எழுதுற விபிஏ எடிட்டர் இன்னும் விண்டோஸோட பழைய கோட் பேஜை, அதாவது மொழிவாரியான எழுத்துப் பட்டியலை, நம்பித்தான் இருக்கு. ரஷ்யனுக்கு 1251, அரபிக்கு 1256ன்னு கோட் பேஜ் இருக்கு, தமிழுக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, விண்டோஸ் 2000ல தமிழ் வந்ததே யூனிகோடா மட்டும்தான். அதனால ரீஜன் செட்டிங்ல தமிழை வச்சாலும் இது சரியாகாது.

உங்க ரெண்டு எரருக்கும் காரணம் இது ஒண்ணுதான். '?????'ன்னு ஒரு ஸ்டைல் இல்ல, அதனால 5941. ஃபைண்ட்ல யூஸ் வைல்ட்கார்ட்ஸ் டிக் ஆகியிருந்திருக்கணும், அதுல கேள்விக்குறின்னா 'ஏதோ ஒரு எழுத்து'ன்னு அர்த்தம், அதான் கண்ணுல பட்டதை எல்லாம் மாத்திடுச்சு. டிக் இல்லாம இருந்திருந்தா ஒண்ணுமே மாறாம சும்மா முடிஞ்சிருக்கும்.

எடிட்டர்ல தமிழை நேரா எழுதாம ChrW-ன்னு சொல்ற சிஹெச்ஆர்டபிள்யூ ஃபங்ஷன்ல எழுத்தோட நம்பரைக் கொடுங்க. ற 2993, புள்ளி 3021, ச 2970, இகரக் குறி (ி) 3007. இதை ஆம்பர்சண்ட் (&) போட்டு ஒட்டினா 'முயற்சி'யோட 'ற்சி' வந்துடும், மத்த எழுத்தையும் இப்படியே சேர்த்தா முழு வார்த்தை. ஸ்டைலுக்கு இங்கிலீஷ் பேர் வச்சுடுங்க, அதோட அந்த ஸ்டைல் டெம்ப்ளேட்ல (ஃபைல்களுக்கு அடிப்படையா இருக்கிற மாதிரி ஃபைல்) இருக்கணும், ஒரு ஃபைல்ல மட்டும் இருந்தா அடுத்த ஃபைல்ல அதே 5941 திரும்ப வரும்.

பழைய_டிடிபி:
நம்பர் முறை நாலு வார்த்தைக்குச் சரி தம்பி, நாற்பது வார்த்தைன்னா தாங்காது. தனியா ஒரு வேர்டு ஃபைல்ல ரெண்டு காலம் டேபிள் போடுங்க, இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். மேக்ரோ அந்த டேபிளைத் திறந்து வரிவரியா படிச்சு மாத்தட்டும், தமிழ் எடிட்டர் பக்கமே போகாது. ஒண்ணு மட்டும் கவனம், செல்லுல இருந்து டெக்ஸ்ட் எடுத்தா கடைசில கண்ணுக்குத் தெரியாத ரெண்டு கேரக்டர் ஒட்டிக்கிட்டு வரும், லெஃப்ட் ஃபங்ஷன் வச்சு அதை வெட்டலைன்னா ஒரு வார்த்தைகூட கிடைக்காது.

இன்னொண்ணு, 'பதட்டம்'னு முழுசா போடாதீங்க, 'பதட்ட' → 'பதற்ற'ன்னு போடுங்க, அப்பதான் பதட்டமா, பதட்டத்துல எல்லாம் சேர்ந்து மாறும். ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி டிக் பண்ணவே கூடாது, நம்ம மொழியில வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டுதானே வரும்.

ரைட்டர்_ரசிகை:
லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல இந்தத் தொல்லை இல்லைங்க, பேசிக் எடிட்டர்ல தமிழை நேராவே எழுதலாம். மேக்ரோ ரெக்கார்டர் மட்டும் ஆஃப்ல இருக்கும், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ஆன் பண்ணிக்கணும்.

ஒற்றுப்பிழை:
டேபிள் முறை அருமையா வேலை செய்யுது, ரொம்ப நன்றி அண்ணே. ஆனா அடிக்குறிப்புல இருக்கிற பிழை மட்டும் அப்படியே நிக்குதே?

கணினிக்கிறுக்கன்:
மேக்ரோல ஓடுற ஃபைண்ட், கர்சர் இருக்கிற பகுதியை மட்டும்தான் தேடும். அடிக்குறிப்பு, ஹெடர், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் வேர்டுக்குத் தனித்தனி ஸ்டோரி, அதாவது தனித்தனி டெக்ஸ்ட் பகுதி. ஸ்டோரிரேஞ்சஸ்னு ஒரு கலெக்ஷன் இருக்கு, ஃபார் ஈச் லூப் போட்டு ஒவ்வொண்ணுலயும் அதே ரீப்ளேஸை ஓட்டுங்க. செலக்ஷனுக்குப் பதிலா ரேஞ்ச் வச்சு எழுதுங்க, கர்சர் எங்க இருந்தாலும் கவலையில்ல.