வடக்கு வீதிக் குழுவில் மூழ்கிய உரக் கப்பல்

குழு: வேதாரண்யம் வடக்கு வீதி நலக் குழு
2025 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

உரக்கடை அண்ணன், காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். சம்பா நெல்லுக்கு டி.ஏ.பி. உரம் எப்போது வரும் என்று நேற்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கப்பல் வந்தால்தான் ரயில், ரயில் வந்தால்தான் லாரி. சென்ற ஆண்டு செங்கடலைக் காரணமாகச் சொன்னார்கள். இந்த ஆண்டு சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கப்பலில் பணிபுரியும் நம் தம்பி இக்குழுவில் இருப்பதால், செங்கடல் விவரத்தை அவரே விளக்கட்டும்.

கப்பல் தம்பி, காலை 7.40
வணக்கம் அண்ணா. சென்ற ஆண்டு சொன்னது உண்மைதான். மொராக்கோவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் புறப்படும் உரக் கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தாண்டிச் செங்கடல் வழியே வருவது வழக்கம். 2023 நவம்பரில் ஏமனின் ஹூத்திப் படையினர் ‘கேலக்ஸி லீடர்’ என்ற கப்பலைக் கைப்பற்றித் தொடர்ந்து தாக்குதல்களில் இறங்கிய பிறகு, பெரும்பாலான நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்களை அனுப்புகின்றன. இதனால் உரக் கப்பல்கள் சுமார் 6,500 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணிக்க வேண்டியிருந்ததாக ஒன்றிய அரசே 2024இல் தெரிவித்தது. நான் இருக்கும் கப்பலும் இப்போது அந்த முனையைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எண்ணெய், அதற்கேற்ற புகை. அதை யாரும் கணக்கில் எழுதுவதாகத் தெரியவில்லை.

வாத்தியார் ஐயா, காலை 8.05
உர மூட்டையிலிருந்து தொடங்கியதால் ‘ரூபிமார்’ கப்பலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024 பிப்ரவரி 18 அன்று ஏவுகணையால் தாக்கப்பட்ட அந்தக் கப்பல், கைவிடப்பட்ட நிலையில் நீரில் இழுபட்டுக்கொண்டே இருந்து, மார்ச் 2ஆம் தேதி செங்கடலில் மூழ்கியது. அதில் இருந்தது ஏறத்தாழ 21,000 டன் அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட், அதாவது நம் வயலுக்குப் போடும் உரமேதான். அது மிதந்து சென்ற வழியில் அதன் நங்கூரம் கடலடித் தரையில் உரசி, ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் இணையக் கம்பிவடங்களையும் அறுத்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஒரே தாக்குதலால் எண்ணெய்ப் படலம், உர மாசு அபாயம், தகவல் தொடர்பு துண்டிக்கப்படும் வாய்ப்பு ஆகிய மூன்றும் வந்து சேர்ந்தன. இதைப் பாதுகாப்புச் சிக்கல் என்பதா, சுற்றுச்சூழல் சிக்கல் என்பதா?

உப்பளத்து அக்கா, காலை 8.21
ஐயா, உரம் கரைந்துபோகும் பொருள்தானே? அவ்வளவு பெரிய கடலில் அது என்ன செய்துவிடும்?

வாத்தியார் ஐயா, காலை 8.34
வயலில் இட்ட உரம் மழையில் வழிந்து குளத்தில் சேர்ந்தால் நீர் பச்சையாகிப் பாசி மண்டி, விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடலிலும் நடப்பது அதுதான்: பாசி பெருகும், பிறகு மடிந்து அழுகும், அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். செங்கடலின் தென்கோடி, பாபல்மந்தப் நீரிணையில், மிகக் குறுகலானது. பவளப்பாறைகள் நிறைந்த கடல் அது.

மாடி வீட்டு மாமா, காலை 8.50
எனக்குத் தெரிந்து தீர்வு ஒன்றுதான். போர்க்கப்பல்களை அதிகமாக்க வேண்டும். 2024 மார்ச்சில் ‘ரூயென்’ கப்பலை நம் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ மீட்டபோது 35 சோமாலியக் கடற்கொள்ளையர்கள் சரணடைந்தனர், பணியாளர்கள் 17 பேரும் காயமின்றித் தப்பினர். இதைவிட என்ன சான்று வேண்டும்?

கப்பல் தம்பி, காலை 9.15
மாமா, அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கப்பலில் அனைவரும் கடற்படைக்கு நன்றி சொன்னோம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கொள்ளையரைப் பிடிக்கும் கப்பலால் மூழ்கிய சரக்கை மேலே எடுக்க முடியாது. காவல் இருந்தும் 2025 ஜூலையில் அதே செங்கடலில் ‘மேஜிக் சீஸ்’, ‘எடர்னிட்டி சி’ என்ற இரண்டு சரக்குக் கப்பல்கள் ஒரே வாரத்தில் மூழ்கடிக்கப்பட்டன. போரே இல்லாத இடத்திலும் கப்பல் மூழ்குகிறது. கடந்த மே 25 அன்று கொச்சிக்கு அருகே மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பலில் 640 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 13இல் ஆபத்தான சரக்கு, அதிலும் 12இல் கால்சியம் கார்பைடு. கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றபோது, அதே குழுமத்தைச் சேர்ந்த வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்து வைத்தால்தான் வழக்கே நகரும் என்ற நிலை.

உப்பளத்து அக்கா, காலை 9.32
கன்னியாகுமரிக் கரையிலும் பிறகு தனுஷ்கோடிப் பக்கமும் வெள்ளைக் குருணையாக ஒதுங்கியது அந்தக் கப்பலின் பிளாஸ்டிக்தானே? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாத்திக்குக் கடல்நீரை ஏற்றித்தான் உப்பு எடுக்கிறோம். குருணையைச் சல்லடையில் தடுத்துவிடலாம். பொடிந்து தூளானதை எதைக் கொண்டு தடுப்பது? விலை கேட்க வரும் வியாபாரி இதைச் சொல்லியே விலையைக் குறைத்துவிடுவார்.

வாத்தியார் ஐயா, காலை 9.48
ஆம், அந்தக் குருணைதான். 2021இல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. அதற்காக 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க இலங்கை உச்ச நீதிமன்றம் கடந்த ஜூலையில் உத்தரவிட்டது. கொழும்பிலிருந்து நம் கடல் வெகுதூரம் இல்லை.

ஆறுகாட்டுத்துறைத் தம்பி, காலை 10.26
கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் படித்தேன். எல்லோரும் செங்கடலையே பேசுகிறீர்கள். கோடியக்கரைக்குக் கிழக்கே இலங்கைக் கடற்கொள்ளையர் நம் பைபர் படகுகளைச் சுற்றி வளைத்து, வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் மீனையும் பறித்துக்கொண்டு அடித்து அனுப்புவதைக் கடற்பாதுகாப்பு என்று யாரும் சொல்வதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகுகள் தாழை என்னும் கடற்புல்லைத் தரையோடு சுரண்டுகின்றன; இலங்கை 2017இலேயே அந்த இழுவைமடி வலையைத் தடை செய்துவிட்டது. அங்கே வலை அறுபடுவதும் தமிழ் மீனவனுக்குத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். தாழை இல்லாவிட்டால் ஆவுளியா எதைத் தின்னும்? 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டிவைத்துவிட்டு மற்ற நாட்களில் தரையைச் சுரண்டினால் யாருக்கு என்ன பயன்?

மாடி வீட்டு மாமா, காலை 10.41
நீங்களே இப்படிச் சொன்னால் விசைப்படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே?

ஆறுகாட்டுத்துறைத் தம்பி, காலை 10.44
வரட்டும் மாமா. அவர்களுக்கும் ஆழ்கடல் படகுக்கு மாற வழியும் கடனும் சரியாகக் கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே இருக்காது.

வாத்தியார் ஐயா, காலை 11.10
ஒரு பக்கம் காப்பது, மறுபக்கம் சுரண்டுவது என்று ஆறுகாட்டுத்துறைத் தம்பி சொன்ன முரண் சர்வதேசச் சட்டத்துக்கும் பொருந்தும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலின் உயிர்வளத்தைக் காக்க 2023இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்துக்குக் கடந்த செப்டம்பர் 19 அன்று 60 நாடுகளின் ஒப்புதல் கிடைத்துவிட்டதால், அது வரும் ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது. நல்ல செய்திதான். ஆனால் போர்க்கப்பல்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். போரைப் பேசும் மேசை வேறு, மாசைப் பேசும் மேசை வேறு. ரூபிமார் கிடப்பது இரண்டுக்கும் நடுவில். எல்சா 3 கப்பலாவது நீதிமன்றத்துக்கு வந்தது, ஏவுகணை வீசியவர் மீது எந்த மீனவர் வழக்குத் தொடுப்பார்?

உரக்கடை அண்ணன், காலை 11.25
டி.ஏ.பி. கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: வரும் வரை காம்ப்ளக்ஸ் உரத்தைப் பயன்படுத்தலாம், அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, நாகப்பட்டினத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க் கூட்டத்துக்கு இங்கிருந்து யாராவது போகிறீர்களா?

ஆறுகாட்டுத்துறைத் தம்பி, காலை 11.31
நான் போகிறேன். பறிகொடுத்த வலைகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஐயா மனுவை எழுதித் தந்தால் போதும்.

உப்பளத்து அக்கா, காலை 11.38
ஐயா, பாத்திக்கு எடுக்கும் நீரைப் பிளாஸ்டிக் தூளுக்காகப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். உப்பளத்தார் கையொப்பத்தை நான் வாங்கித் தருகிறேன்.

வாத்தியார் ஐயா, காலை 11.45
சேர்த்துவிடுகிறேன் அம்மா. இழுவைமடியைப் பற்றிய வரியும் இருக்கும். அதில் யார் யார் கையொப்பமிடுவீர்கள் என்பதை மாலைக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.