காவ்காவ் தேர்வில் ஆங்கிலம்: கேட்டல் பகுதி காதைச் சோதிக்கிறதா, பழக்கத்தைச் சோதிக்கிறதா?

தென்றல் (வூஹான்)

வணக்கம். நான் வூஹானில் மொழிக் கல்வியில் ஆய்வு செய்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகன் சென்ற ஜூனில் காவ்காவ் எழுதினான். சீனத்தில் பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் போக எல்லோரும் எழுதும் நுழைவுத் தேர்வு அது. ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் கேட்டல் 30, வாசிப்பு 50. தேர்வு முடிந்த பிறகு விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தான். கேட்டலில் 20 கேள்விக்கு 19 சரி.

அடுத்த வாரம் என்னோடு படிக்கும் கானா நாட்டு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "கல்லூரி எப்போது திறக்கிறது?" என்று ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் கேட்டார். அப்போதும் பேச்சில்லை. அவர் போன பிறகு அவன் சொன்னது என்னைத் தூங்க விடவில்லை: "மூன்று விடை எழுதியிருந்தால் சரியானதைக் காட்டியிருப்பேன், அக்கா."

கேட்டல் பகுதி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஐந்து சின்ன உரையாடல்கள், ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அப்புறம் நீளமானவை ஐந்து, இரண்டு முறை ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மூன்று விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கேட்பதற்கு முன்பே கேள்வியையும் விடைகளையும் பார்த்துவிட நேரம் தருகிறார்கள். அதனால் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது கேட்பதை அல்ல, விடைகளைப் பார்த்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிப்பதை. மூன்று வருடம் இதே பயிற்சி. இந்தப் பகுதியை இப்படியே வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

குமரன் (சிங்கப்பூர்)

தென்றல், உங்கள் வருத்தம் புரிகிறது. நானும் ஆங்கில ஆசிரியர்தான், இருபது வருடமாக. ஆனால் நீங்கள் இரண்டு விஷயங்களைக் கலக்கிறீர்கள். அந்தப் பையன் தடுமாறியது பேச. கேட்டல் தேர்வு கேட்டலை அளக்கிறது. பேச்சு வரவில்லை என்பதற்காகக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

மூன்று விடை இருந்தால் குருட்டாம்போக்கில் அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். ஒன்றுமே புரியாமல் குறிப்பவனுக்குச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும், அதாவது 30-க்கு 10. உங்கள் பையன் 28.5 எடுத்திருக்கிறான். ஊகித்து அந்த இடத்துக்கு வர முடியாது. ஒரு முறை மட்டும் ஒலித்து நிற்கும் உரையாடலில் விலையையும் நேரத்தையும் பேசுபவரின் எண்ணத்தையும் அவன் பிடித்திருக்கிறான்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2024-இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி எடுப்பவர்களைக் கழித்தாலும் கோடிக்கு மேல் மிஞ்சும். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வின் ஆங்கிலத்தில் கேட்டலுக்கு 10 விழுக்காடு, வாய்மொழிக்கு 20 விழுக்காடு. ஒவ்வொரு பிள்ளையும் தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிறான். எங்கள் எண்ணிக்கைக்கு அது முடியும். சீனத்தில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னும் பின்னும் போவார்கள். அங்கே யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வருகிற தேர்வுதான் நியாயம்.

தென்றல் (வூஹான்)

பேச வரவில்லை என்று நீங்கள் சொல்வதை நானும் முதலில் நினைத்தேன், குமரன் சார். அதனால் அவனிடம் சீனத்தில் கேட்டேன்: அவர் என்ன கேட்டார்? அவனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. தேர்வில் ஒலிப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்த, நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல்கள். மூக்கடைத்த குரலோ, பாதியில் மாறும் வாக்கியமோ, ஆப்பிரிக்க உச்சரிப்போ அவன் கேட்டதே இல்லை.

மலர்விழி (மதுரை)

நான் மருத்துவம் படித்தது சீனத்தில்தான். இருவரும் நகரத்துப் பையனை வைத்தே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மருத்துவமனைப் பயிற்சியில் என்னோடு ஒரு சீனத் தோழி இருந்தாள். வடமேற்கில் மலைக் கிராமத்துக்காரி. அவள் நடுநிலைப் பள்ளியில் இருந்த ஒரே ஒலிப்பதிவுக் கருவி கெட்டுப்போனது. சரிசெய்ய யாரும் வரவில்லை. ஆசிரியரே ஆண் குரலாகவும் பெண் குரலாகவும் உரையாடலை வாசித்துக் காட்டுவாராம். அவருக்கும் ஆங்கிலம் கேட்டுப் பழக்கமில்லை. அப்படியே மேல்நிலைக்குப் போனாள். முதல் மாதிரித் தேர்வில் கேட்டலில் பாதிகூடத் தேறவில்லை.

அவளைக் காப்பாற்றியது வாசிப்பு. தாள் ஒன்று இருந்தால் போதும். விடுதியில் விளக்கணைத்த பிறகும் படிக்கலாம், தெரியாத சொல்லை அகராதியில் பார்க்கலாம், பத்து முறை திரும்ப வாசிக்கலாம். கேட்டலுக்குக் கருவி வேண்டும், அமைதி வேண்டும், நல்ல உச்சரிப்புள்ள ஆசிரியர் வேண்டும். மூன்றுமே காசு.

எல்லாச் சீன மாணவர்களுக்கும் மனப்பாடமான ஒரு எடுத்துக்காட்டுக் கேள்வி உண்டு. கேட்டல் பகுதி தொடங்கும்போது ஒலிக்கும். சட்டை என்ன விலை என்று ஒருவர் கேட்பார், கடைக்காரப் பெண் 'நைன் ஃபிப்டீன்' என்பார். விடை 9 பவுண்டு 15 பென்ஸ், மூன்றாவதைக் குறியுங்கள். என் தோழி சொன்னாள்: "பவுண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் தடவை அதை மணி ஒன்பதே கால் என்றுதான் நினைத்தேன்." தப்பு அவள் காதில் இல்லை. இங்கிலாந்தில் விலையை எப்படிச் சொல்வார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

சில மாகாணங்களில் கேட்டல் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்காமல், மீதி 120-ஐ 1.25-ஆல் பெருக்கி 150 ஆக்கிய காலம் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் கிராமத்துப் பிள்ளைக்கு நியாயம். கேட்டலைக் குறையுங்கள், வாசிப்பை வையுங்கள்.

அன்பு (தேர்வுப் பணி, சென்னை)

மலர் அக்கா சொன்ன வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. காவ்காவை இசைக்குழுவை நடத்துபவர் கையிலிருக்கும் கோல் என்று சீனத்தில் சொல்வார்கள். அது எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம்தான் வகுப்பறை திரும்பும். கேட்டலுக்கு மதிப்பெண் இல்லை என்றால், அந்த மலைப் பள்ளிக்குக் கருவி வாங்க யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள். உங்கள் தோழிக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. அவள் தங்கைக்கு அதுவும் கிடைக்காது.

தென்றல் பக்கம் வருகிறேன். தேர்வை மாற்றினால் கற்பித்தல் மாறும் என்ற நம்பிக்கை சீனத்தில் புதிதல்ல. 1985-இல் தெற்கே குவாங்டாங் மாகாணத்தில் புதுவித ஆங்கிலத் தேர்வைச் சோதித்துப் பார்த்ததே அதற்காகத்தான். இலக்கணத்தை மனப்பாடம் செய்வதிலிருந்து மொழியைப் பயன்படுத்துவதற்கு வகுப்பறையைத் திருப்ப வேண்டும் என்பது நோக்கம். அந்த முயற்சியில் இருந்த லி சியாவ்ஜு, தேர்வால் அது முடியும் என்று 1990-இல் எழுதினார். பிறகு ச்சி லூசியா என்ற ஆய்வாளர் பள்ளிகளுக்குள் போய் ஆராய்ந்தார். தேர்வு அமைத்தவர்கள் எதிர்பார்த்த மாற்றம் பெரும்பாலும் நடக்கவில்லை. கேள்வியின் வடிவத்தைப் பழக்குவதுதான் நடந்தது. எந்த வடிவம் கொடுத்தாலும் பள்ளிகள் அதைப் பயிற்சியாக்கிவிடும். நீங்கள் கேட்கும் புது வடிவத்துக்கும் அதே கதிதான்.

குமரன் (சிங்கப்பூர்)

அன்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்றைய வாசிப்புப் பகுதி வெறும் பழக்கத்தில் தாண்டக்கூடியதல்ல. 2023 தாளில் முதல் பத்தி ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை எடுப்பது. தேடி எடுத்தால் போதும். கடைசிப் பத்தி, பலர் ஊகத்தின் சராசரி தனி ஒருவரின் ஊகத்தைவிடச் சரியாக வருவது ஏன் என்பதைப் பற்றியது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினால் அந்தச் சராசரியும் கெடும், எப்போது கெடாது என்று வாதம் போகிறது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடினால் அங்கே மாட்டிக்கொள்வான். அந்த வாசிப்பை 17 வயதில், இன்னொரு மொழியில் செய்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

தென்றல் (வூஹான்)

வாசிப்பில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. அதையொட்டி எழுத்துப் பகுதியில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. பாதிக் கதையைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தை மட்டும் தந்து, மீதியை எழுதச் சொல்கிறார்கள். 25 மதிப்பெண். 2016-இல் ஜெஜியாங் மாகாணத்தில் தொடங்கியது. கதை புரியாதவன் தொடர முடியாது. இங்கே விடை அவன் கையிலிருந்து வருகிறது. அழுகைக்கும் பயத்துக்கும் அழகான வாக்கியங்களை மனப்பாடம் செய்து கொண்டுவருகிறார்கள், உண்மை. ஆனாலும் கதைக்குப் பொருந்தாத கண்ணீரைத் திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார்.

கேட்டலுக்கு மட்டும் ஏன் அப்படி ஒன்று கூடாது? குவாங்டாங் 2011 முதலே கணினியில் கேட்டலும் பேச்சும் சேர்ந்த தேர்வு நடத்துகிறது. காட்சியைப் பார்த்து, அதில் வரும் குரலைப் போலவே வாசிக்க வேண்டும். ஒரு வேடம் ஏற்று கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். கேட்ட கதையைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். இப்போது 20 மதிப்பெண். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் கணினியில் சேர்த்து 50. வருடத்தில் இரண்டு வாய்ப்பு. கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றால் பையன் கேட்டே ஆக வேண்டும். வடிவத்தைப் பழக்குவார்கள் என்கிறீர்களே அன்பு, பழக்கட்டும். கேட்டதைச் சொல்லிப் பழகுவது நல்ல பழக்கம்தானே.

அன்பு (தேர்வுப் பணி, சென்னை)

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் மறுப்பில்லை. பயிற்சி எப்படியும் நடக்கும் என்றால் நல்லதைப் பயிற்சியாக்கலாம், சரி.

என் பயம் இரண்டாவது வாய்ப்பில் இருக்கிறது. ஜெஜியாங்கில் 2018 நவம்பரில் நடந்ததை மறக்க முடியாது. ஆங்கிலத்துக்கு வருடத்தில் இரண்டு தேர்வு. அந்த நவம்பர் தாள் முந்தையதைவிடக் கடினமாக அமைந்துவிட்டது என்று, சில பகுதிகளின் மதிப்பெண்ணுக்கு எடை சேர்த்துக் கூட்டிப் போட்டார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. மதிப்பெண் வந்ததும் பெற்றோர் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பர் தொடக்கத்தில் எடை சேர்த்ததை ரத்து செய்து பழைய மதிப்பெண்ணையே தந்தது. கல்வித் துறைத் தலைவர் பதவி இழந்தார். இரண்டு தாள்களைச் சமன் செய்வது தேர்வுப் பணியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு மதிப்பெண்ணுக்கு உயிரைக் கொடுக்கும் இடத்தில், விதியை முன்னாலேயே எழுதி வைக்காமல் அதைச் செய்ததுதான் பெருந்தவறு. கதை திரும்பச் சொல்வதற்கு மதிப்பெண் போடும்போதும் இதே கேள்வி வரும்: என் மகனுக்கு ஏன் 6, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஏன் 8?

மலர்விழி (மதுரை)

நேற்று இரவு என் தோழியிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். இப்போது அவள் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறாள். குவாங்டாங் மாதிரித் தேர்வு அவள் ஊருக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவ்வளவுதான், தேர்வில் தோற்று ஊரிலேயே இருந்திருப்பேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே இன்னொரு செய்தி அனுப்பினாள். அவள் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசியது என்னிடம்தானாம், 22 வயதில். அதுவரை தன் குரலை அந்த மொழியில் கேட்டதே இல்லையாம்.

இரண்டும் உண்மை. கேட்டலைக் குறைக்கச் சொன்னேன். இப்போது அப்படித் திடமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் கருவி போகாத ஊருக்குத் தேர்வு முதலில் போகக் கூடாது என்பதில் மாற மாட்டேன்.

குமரன் (சிங்கப்பூர்)

குவாங்டாங்கிலும் வடக்கே ஏழை மலை மாவட்டங்கள் உண்டு, மலர். அங்கேயும் அந்தத் தேர்வு நடக்கிறது. முடியாது என்று நான் சொல்லவில்லை. சீனத்தில் பெரிய மாற்றம் எதுவானாலும் பத்தாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குத் தொடங்கி மூன்று வருடம் கழித்துத்தான் காவ்காவுக்கு வரும். அந்த மூன்று வருடத்தில் முதல் வருடமே கருவியும் ஆசிரியரும் போகட்டும். மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்பது அன்றைக்கே எழுத்தில் வரட்டும். அதுவரை மூன்று விடைத் தேர்வை நான் விட மாட்டேன். குறைபாடு உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே குறைபாடு.

தென்றல் (வூஹான்)

எல்லோருக்கும் ஒரே குறைபாடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, சார். மலர் அக்காவின் தோழிக்கு ஒன்பதே கால் மணியாகக் கேட்டது, என் வீட்டுப் பையனுக்குச் சட்டை விலையாகக் கேட்டது. கருவியும் விதியும் முதலில் வர வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

பையனுக்கு ஷாங்காயில் இடம் கிடைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் கானா நண்பரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நான் சமையலறையிலேயே இருந்துகொள்ள வேண்டுமாம், நடுவில் வந்து மொழிபெயர்க்கக் கூடாதாம்.