லெந்து வந்தால் தனிப் பாயா?

சாயர்புரத்தான்:
எரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா பேசியிருக்கிறார். லெந்து நாட்களில், அதாவது சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும், கணவன் மனைவி சேரக்கூடாதாம், சேர்ந்தால் உபவாசம் கணக்கில் ஏறாதாம், இது பவுல் அப்போஸ்தலர் போட்ட கட்டளையாம், 1 கொரிந்தியர் 7:5. என் வீட்டுக்காரி அன்று ராத்திரியே பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு போய் ஹாலில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகி 11 வருடம். நானும் கறி மீன் விட்டு, காலையில் கஞ்சி மட்டும் குடித்து லெந்து அனுசரிக்கிறவன்தான். ஆனால் அதே வசனத்தில் "இருவரும் சிலகாலம் பிரிந்திருக்கவேண்டுமென்று சம்மதித்தாலன்றி, ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாதிருங்கள்" என்று இருக்கிறதே, அந்தச் "சம்மதித்தாலன்றி" யாருக்கு எழுதியது?

ஜெபவீரன்:
பிரதர், கோபத்தோடு வேதத்தைத் திறக்காதீர்கள். "உபவாசத்திற்கும் ஜெபத்திற்கும் தடையிராதபடிக்கு" என்று வசனம் பட்டப்பகல் போல இருக்கிறது. அது உபவாசத்துக்குத் தடை என்று பவுலே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன கேள்வி? சீனாய் மலையடியில் மோசே ஜனங்களிடம் மூன்றாம் நாளுக்கு ஆயத்தமாயிருங்கள், மனைவியிடம் சேராதிருங்கள் என்றார் (யாத்திராகமம் 19:15). யோவேல் 2:16 மணவாளனையே அறையை விட்டு வெளியே வரச் சொல்கிறது. கறியை விட்டேன் என்று பெருமையாக எழுதுகிறவருக்கு இதை விட முடியவில்லை என்றால் அது எந்த ஊர் உபவாசம்?

வாத்தியார்_ஓய்வு:
"உபவாசத்திற்கும்" என்கிற சொல்லே கிரேக்க மூலத்தில் கிடையாது. பவுலின் நிருபங்களில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஒன்று சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்த பாப்பிரஸ், அதில் ஜெபம் மட்டும்தான் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டு வத்திக்கான் பிரதியிலும் ஜெபம் மட்டும்தான். சீனாய் பிரதி என்கிற இன்னொரு பழைய பிரதியில் முதலில் எழுதியவர் ஜெபம் என்று மட்டும் எழுத, பிற்பாடு திருத்தியவர்தான் உபவாசத்தைச் சேர்த்தார். துறவிகள் பெருகிய காலத்தில் சேர்ந்த சொல் அது. பிந்திய பிரதிகளை வைத்துச் செய்த 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதத்திலும் இருக்கிறது, நம் பவர் ஐயர் 1871-இல் முடித்த தமிழ் வேதத்திலும் இருக்கிறது. அந்த அம்மாவின் 40 நாள் பிரசங்கம் முழுவதும் பவுல் எழுதாத ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஜெபவீரன்:
வந்துவிட்டார் ஐயா. போன வருடம் தசமபாகத்தை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, பற்றிப் பேசியபோதும் இதே "மூலத்தில் இல்லை"தான். உங்களுக்குப் பிடிக்காதது எதுவும் மூலத்தில் இருக்காது போல. நாலு தலைமுறை இந்த வேதத்தை வாசித்துத்தான் மரித்துப் பரலோகம் போனார்கள். அவர்களில் யாரும் வத்திக்கானுக்குப் போய் எழுத்துக்கூட்டவில்லை.

வாத்தியார்_ஓய்வு:
தசமபாகத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோருக்கும் நினைவூட்டுகிறேன். உபவாசம் மூலத்தில் இல்லை.

ரோசரி_அக்கா:
நான் கத்தோலிக்கப் பெண், தவக்காலம் எங்களுக்கும்தான். எங்கள் பொது மொழிபெயர்ப்பில், 1995-இல் வந்த திருவிவிலியத்தில், அந்த இடத்தில் இறைவேண்டல் மட்டும்தான் இருக்கிறது, வாத்தியார் சார் சொல்வது சரி. ஆனால் நீங்கள் மூன்று பேரும் 5-ஆம் வசனத்திலேயே சுற்றுகிறீர்கள். அதற்கு மேல் வசனத்தை வாசியுங்கள். மனைவியின் சரீரத்துக்கு அவள் அதிகாரியல்ல, புருஷன்தான் என்பதைக் கல்யாணப் பிரசங்கத்தில் காது கிழியச் சொல்வார்கள். "அப்படியே புருஷனும்" என்று அடுத்து வருகிற பாதியைச் சொல்லும்போது மைக் எங்கே போகும் என்று தெரியாது. பவுல் காலத்து ரோம ஊரில் புருஷனின் உடம்புக்கு மனைவி அதிகாரி என்று எழுதியது எவ்வளவு பெரிய பேச்சு! சாயர்புரம் தம்பி, உங்களைக் கேட்காமல் பாயை எடுத்ததுதான் வருத்தமா? 11 வருடத்தில் நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான் பாய் விரித்தீர்களா?

சாயர்புரத்தான்:
அக்கா, நான் கேட்காமல் இருந்ததில்லை. அதை இங்கே விவரிக்க முடியாது, என் மச்சினனும் இங்கேதான் இருக்கிறான்.

பேக்கரி_பையன்:
மச்சினன் வணக்கம் சொல்கிறான் 😂

சின்ன சந்தேகம். லெந்து என்றால் 40 நாள். ஆனால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறது. நடுவில் 6 ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், உபவாசக் கணக்கில் வராது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் அண்ணாச்சிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டா?

ஜெபவீரன்:
பரிசுத்த காரியத்தைக் கேலி செய்யாதே தம்பி. 40 என்றால் 40. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவிருந்து எடுக்கிறவன் முந்தின ராத்திரி எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

குமரி_சுறியானி:
உங்கள் சண்டையைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. சிரிய மரபில் வந்த எங்கள் சுறியானி சபையில் 50 நோன்பு, 25 நோன்பு, நினிவேக்காரர்களை நினைத்து 3 நோன்பு, எல்லாம் உண்டு. நோன்பு என்றால் இறைச்சி, மீன், தாம்பத்தியம் மூன்றையும் விடுவது என்பது எங்கள் வல்யம்மச்சி காலத்துப் பழக்கம். அதற்குப் பாப்பிரஸ் தேவைப்படவில்லை, பாட்டி போதும். அவர் வீட்டில் நோன்பு பிடிக்கிறதுக்கு முந்தின நாள் இறைச்சிச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிடுவார், ஈஸ்டருக்குத்தான் நிமிர்த்துவார். மற்றதும் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மேடை போட்டுப் பேச மாட்டார்கள்.

வாத்தியார்_ஓய்வு:
பாட்டி வைத்த பழக்கம் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பவுல் கட்டளை என்று சொன்னால்தான் ஆட்சேபணை. அடுத்த வசனத்திலேயே "கட்டளையாகச் சொல்லாமல், யோசனையாகச் சொல்லுகிறேன்" என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த அம்மா கட்டளை என்கிறார். பிரிந்திருக்கச் சம்மதித்தாலும் "சிலகாலம்" என்கிறார் பவுல். அவர் மூச்செல்லாம் "ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாதிருங்கள்" என்பதில் இருக்கிறது, இவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாயைச் சுருட்டுகிறார்கள். கொரிந்துவில் "ஸ்திரீயைத் தொடாதிருப்பதே நல்லது" என்று ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருந்தது, அந்தக் கூட்டத்துக்குத்தான் பதில் எழுதுகிறார் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் இன்னும் சாகவில்லை, பெண்கள் சங்கத்தில் பேசுகிறது. திரும்பவும் சொல்கிறேன், உபவாசம் மூலத்தில் இல்லை.

ஜெபவீரன்:
அகஸ்தீன் ஞானி யார்? அவர் பிள்ளைப்பேற்றுக்காக இல்லாமல் சேர்வது மனைவியோடேயானாலும் சிறு பாவம் என்றே எழுதினார். அவருக்கும் வேதம் தெரியாது என்பீர்களா?

ரோசரி_அக்கா:
சிரிக்காமல் என்ன செய்வது. எங்கள் ஞானியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், நாங்கள் ஜெபமாலை உருட்டினால் மட்டும் விக்கிரகம்! அகஸ்தீன் அப்படி எழுதியது உண்மை, 401 வாக்கில். அதே நூலில் பிள்ளை, உண்மை, பிரிக்க முடியாத பிணைப்பு என்று திருமணத்தின் மூன்று நன்மையும் சொல்லியிருக்கிறார், ஒருவர் கேட்டால் மற்றவர் மறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பாதியை மட்டும் கிழித்துக்கொண்டு வராதீர்கள். அவரை அப்படியே பிடித்துக்கொள்வதென்றால் உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளையோடு எப்படி நின்றது என்று கேட்க வேண்டி வரும்.

ஜெபவீரன்:
இது தனிப்பட்ட தாக்குதல். உங்கள் போப் 1968-இல் கருத்தடை கூடாது என்று எழுதினாரே, உங்கள் கோயிலில் எத்தனை பேர் கேட்டார்கள்?

ரோசரி_அக்கா:
கேட்காதவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய்ச் சொல்கிறார்கள், உங்களுக்கு என்ன? 1930-இல் லாம்பெத்தில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் கூடிக் கருத்தடைக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடும் வரைக்கும் உங்கள் சபையும் இதில் எங்களோடுதான் நின்றது. 38 வருடம் கழித்து நாங்கள் அதையே திரும்பச் சொன்னால் நாங்கள் பழமைவாதிகளா?

ஜெபவீரன்:
நான் ஆங்கிலிக்கன் இல்லை, தென்னிந்தியத் திருச்சபை. 1947.

வாத்தியார்_ஓய்வு:
1947-இல் வானத்திலிருந்து விழுந்ததா? யார் யார் சேர்ந்து ஆனது என்று பார்த்துவிட்டு வரவும்.

சாயர்புரத்தான்:
என் கேள்வி எங்கேயோ போய்விட்டது. நான் ஹாலுக்குப் போய் "சம்மதித்தாலன்றி" வசனத்தைக் காட்டினேன். அவள் 1 பேதுரு 3:7-ஐத் திருப்பிக் காட்டினாள். மனைவியோடு விவேகமாக வாழாவிட்டால் புருஷர்களின் ஜெபத்துக்குத் தடை வருமாம். "உங்கள் ஜெபத்துக்குத் தடை நான் இல்லை, நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதை மனதில் வைத்துச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை.

ரோசரி_அக்கா:
எனக்கு விளங்குகிறது.

பேக்கரி_பையன்:
எனக்கும். போன மாதம் அக்கா சீட்டுப் பணத்தை… சரி, வேண்டாம்.

ஜெபவீரன்:
பார்த்தீர்களா, சகோதரி ஆவிக்குரியவர், புருஷன்தான் தடை. நான் முதலிலிருந்தே சொல்கிறேன். சீனாயில் மூன்று நாள்…

வாத்தியார்_ஓய்வு:
மூன்று நாள்! 40 அல்ல, 46 அல்ல, மூன்று. நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள். அதுவும் பழைய ஏற்பாட்டுச் சுத்திகரிப்புச் சட்டத்துக்குள் நடந்தது, அதைப் பிடித்தால் பன்றியையும் விட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று நீங்களே படம் போட்டிருக்கிறீர்கள். 41 வருடம் குடும்பம் நடத்துகிறேன், எங்கள் வீட்டில் எந்த லெந்திலும் பாய் இடம் மாறியதில்லை, ஜெபமும் நின்றதில்லை.

ஜெபவீரன்:
அந்தப் படம் என் தம்பி வீட்டில் எடுத்தது. ஆட்டுக்கறி.

வாத்தியார்_ஓய்வு:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஆடு இல்லை. வத்திக்கான் பிரதியின் அந்தப் பக்கத்தை நாளைக்கு இங்கே போடுகிறேன். கிரேக்க எழுத்து தெரியாதவர்களுக்காகச் சிவப்பில் கோடு போட்டே போடுகிறேன்.

குமரி_சுறியானி:
போடுங்கள். பாட்டி சட்டியை நிமிர்த்த மாட்டார்.